அதை முதலில் சொன்னது நான்

வேலை போன ஒருத்தியைப் பார்த்து வயிறெரிகிறவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். என் கணவர் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டார்.

எந்த வளாகம் என்று மட்டும் கேட்காதீர்கள். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகம், அதில் வணிகவியல் துறை, அந்தத் துறையில் நான் கௌரவ விரிவுரையாளர். அதற்கு மேல் சொன்னால் அடுத்த ஜூனில் எனக்கு ஆர்டர் வராது. கௌரவ விரிவுரையாளர் என்றதும் வெளியில் இருப்பவர்கள் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாடம் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, தேர்வு அறையில் கால்கடுக்க நிற்பது, வளாக இயக்குநர் வந்தால் எழுந்திருப்பது எல்லாம் நிரந்தரப் பேராசிரியர்களைப் போலவேதான். ஆனால் ஏப்ரல் முடிந்தால் நாங்கள் யாரோ. மே மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். ஜூனில் இயக்குநர் மறுபடி ஆர்டர் போட்டால் உள்ளே, போடாவிட்டால் வெளியே. ஏன் போடவில்லை என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் கேட்கிற நேரத்தில் நாம் அங்கே வேலையிலேயே இல்லை.

நான் வயிறெரிகிற அந்த ஒருத்தி எனக்குப் பின்னால் அதே துறையில் சேர்ந்தவள். ஒகேனக்கல்காரி. அப்பா பரிசல் ஓட்டுகிறார். ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டில் அடுப்பெரிவது இவள் சம்பளத்தில்தான். இதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை, சொல்லி அழுததும் இல்லை. அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. ஸ்டாஃப் ரூமில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தாழ்வாரத்தில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

“அருவி இரைச்சல்ல வளந்தவங்கக்கா நானு. எங்க வூட்டுல மெல்லப் பேசுனா ஒருத்தருக்கும் கேக்காது” என்பாள்.

என் குரல் வேறு ஜாதி. கடைசி பெஞ்சுக்கு எட்டாது. மைக்கைக் கொடுத்தால் ‘வணக்கம்’ என்பதற்குள்ளேயே உடைந்துவிடும். ஆனால் நாலு பேர் நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன் என்றால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இயக்குநர் நடப்பது, சூப்பிரண்டு கண்ணாடியைத் துடைப்பது, பணி மூத்த பேராசிரியை தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிச் சொல்வது எல்லாம் என் வாயில் வந்தால் சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும். அது ஒன்றுதான் எனக்கென்று அந்த வளாகத்தில் இருந்த சொத்து. அதனால் அதை நான் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

இனி ஒரு பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண் பணியாளர்களுக்கென்று ஒரு பாத்ரூம் இருக்கிறது. டைல்ஸ் போட்டது, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் பிடிக்கும். அதற்கு ஒரு பூட்டு. சாவி சூப்பிரண்டின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நிரந்தரப் பேராசிரியைகள் போய் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் போய் நின்றால், “ரெகுலர் ஸ்டாஃபுக்குத்தாம்மா குடுக்கச் சொல்லியிருக்காங்க” என்று தலை நிமிராமல் சொல்வார். எங்களுக்கு விதித்தது பின்கட்டடத்துக்கு அப்பால் இருக்கும் மாணவிகள் கழிவறை. காலை இடைவேளைக்குப் பிறகு அங்கே தண்ணீர் வராது. சற்றுமுன் நம்மிடம் பாடம் கேட்ட பெண்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அவர்கள் பாவம், “மேம், நீங்க மொதல்ல போங்க மேம்” என்று வழிவிடுவார்கள். அது அதைவிடக் கூச்சம்.

அதனால் எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பி இறங்கும்வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து துடித்துப்போய் டாக்டரிடம் போனேன். “நல்லாத் தண்ணி குடிங்கம்மா, இது தண்ணி குடிக்காததால வர்றது” என்றார். குடித்ததை எங்கே போய் விடுவது என்று அவர் எழுதித் தரவில்லை.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் மதியம்தான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. வயிற்றுவலியும் ஆத்திரமும் சேர்ந்து தானாக வந்து விழுந்தது.

“பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் ஒண்ணுக்கு வரும்னு எந்த ஜி.ஓ.ல போட்டிருக்குதுங்க?”

அறையே அதிர்ந்தது. ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் இவள்தான். கண்ணில் தண்ணீர் வர மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“அக்கா, இத மைக்குல சொல்லணுங்கக்கா” என்றாள்.

“சொல்லிட்டு மூட்டையக் கட்டவா? நீ வேற, கதவச் சாத்து” என்றேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பதுதான் எங்கள் வழக்கம். எல்லாருக்கும் கோபம் இருந்தது, எல்லாருக்கும் ஜூன் மாதமும் இருந்தது.

மார்ச்சில் மகளிர் தினம் வந்தது. எங்கள் வளாகத்தில் அன்றைக்குப் பெண் பணியாளர்கள் அனைவரும் ஒரே நிறத்தில் புடவை கட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம். நிறத்தை நிரந்தரப் பேராசிரியைகள் முடிவு செய்வார்கள், தருமபுரி கடையில் மொத்தமாக எடுப்பார்கள், நாங்கள் பங்கைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம். வருடத்தில் அன்று ஒருநாள் பார்த்தால் யார் நிரந்தரம், யார் தற்காலிகம் என்று தெரியாது. அந்த வருடம் கத்தரிப்பூ நிறம். அவளுக்கு அது அப்படி எடுப்பாக இருந்தது. எனக்கோ முகத்தில் காமாலை வந்தது போல் இருந்தது. அன்று காலையிலேயே எனக்கு அவள் மேல் லேசாகப் புகைய ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோலப் போட்டி, பரிசு, இயக்குநர் உரை எல்லாம் முடிந்தது. மாணவர்கள் அரங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நம்ம லேடி ஸ்டாஃப்ல யாராச்சும் வந்து ரெண்டு வார்த்தை பேசலாம். இன்னைக்கு உங்க நாளு. ஃப்ரீயாப் பேசுங்க” என்றார். இது வருடாவருடம் சொல்வது. மூத்த பேராசிரியை எழுந்துபோய் இயக்குநருக்கு நன்றி சொல்வார், பிறகு தேசிய கீதம். யாரும் அந்த ‘ஃப்ரீயா’வை நிஜமென்று எடுத்துக்கொண்டதில்லை. மூத்த பேராசிரியை முந்தானையைச் சரிசெய்வதற்குள் அவள் உட்கார்ந்திருந்த என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

“சார் ஃப்ரீயாப் பேசச் சொன்னாங்க. அதனால கேக்கறேன்” என்றாள். மைக்கே தேவையில்லாத குரல். “ரெகுலர் ஸ்டாஃப் பாத்ரூமு பூட்டியிருக்குது. எங்களுக்குச் சாவி இல்லைங்கறாங்க. பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் ஒண்ணுக்கு வரும்னு எந்த ஜி.ஓ.ல போட்டிருக்குதுங்க சார்? நம்பர் சொல்லுங்க, நாங்களும் படிச்சுத் தெரிஞ்சுக்கறோம்.”

மாணவிகள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டலை அந்த அரங்கில் நான் கேட்டதே இல்லை. பெண்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். இவள் வேலை போய்விடுமே என்று நான் பதறியிருக்க வேண்டும். அது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, அது என்னுடையது என்பதுதான். அத்தனை கைதட்டலும் எனக்கு வர வேண்டியது.

‘நம்பர் சொல்லுங்க’ என்ற கடைசி வரி அவளுடையது, ஒத்துக்கொள்கிறேன். அது நன்றாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கு இந்த விஷயத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. என் முனைவர் பட்ட ஆய்வில் நான் எழுதிய ஒரு கட்டுரை என் வழிகாட்டியின் பெயர் முதலிலும் என் பெயர் கடைசியிலுமாக வெளியானது. நடுவில் இருந்த பெயருக்குரியவரை நான் பார்த்ததுகூட இல்லை. அதற்கும் நான் நன்றி சொல்லி இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு என் வாயில் வந்ததையாவது எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வைராக்கியம். இவள் ‘எங்கக்கா ஒருத்தங்க சொல்வாங்க’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை.

யாரோ மாணவி எடுத்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “உங்க காலேஜ்ல ஒரு மேடம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி” என்றார். ஏரியூரில் இருக்கும் என் தங்கை போன் செய்து, “அக்கா, அந்தப் பொண்ணு உன் டிபார்ட்மென்ட்டாமே, நெஜமாவா?” என்றாள். வீட்டுக்குப் போனால் என் கணவர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“என்ன தைரியம் பாத்தியா இந்தப் பொண்ணுக்கு!”

“அது நான் சொன்னதுங்க. தை மாசமே சொன்னேன்.”

“எங்க சொன்ன?”

“ஸ்டாஃப் ரூம்ல.”

அப்போதுதான் அவர் சிரித்தார். “ஸ்டாஃப் ரூம்ல சொன்னியா, கதவச் சாத்திட்டா?” என்றார். நான் அன்றைக்குத் தோசை ஊற்றவில்லை. அவரையும் பிள்ளையையும் பழைய சோறு சாப்பிட வைத்தேன்.

அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி நிர்வாகத்தை விமர்சித்தது, வளாகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது, மாணவர்களைத் தூண்டியது. விளக்கம் கொடுக்க வேண்டும், திருப்தியில்லை என்றால் ஜூனில் ஆர்டர் கிடையாது. அந்தக் கடைசி விஷயம் மெமோவில் எழுதப்படவில்லை, எழுதத் தேவையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருத்தியாக டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘அக்கா, அது நீங்க சொன்னதுதான்’ என்று அவள் ஒருமுறையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினாள். அப்பாவின் முட்டிவலி, தம்பியின் படிப்பு, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது. வறுத்த மீனை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தாள். நான் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்து மீனைத் தின்றுகொண்டிருந்தேன்.

தேர்வுகள் முடியும் சமயத்தில் விசாரணை வைத்தார்கள். இயக்குநர், மூத்த பேராசிரியை, இன்னொரு பேராசிரியர், மூன்று பேர். அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்துவிட்டுப் போனாள். பிறகு சாட்சியென்று என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், ஒரே அறையில் சாப்பிடுகிறவள்.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குப் பின்னால் யார்? எந்தச் சங்கம், எந்தக் கட்சி, எழுதிக் கொடுத்தது எவன்? ஒரு கௌரவ விரிவுரையாளர், அதுவும் ஒரு பெண், தானாக எழுந்து ஒரு கேள்வி கேட்பாள் என்பது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஒரு ஆம்பளைப் பெயரை எதிர்பார்த்து மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு எதுவும் தெரியாதுங்க சார்” என்றேன். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்த பதில். அதோடு எழுந்திருந்தால் முடிந்திருக்கும். அந்த இன்னொரு பேராசிரியர் சும்மா இருக்காமல் இயக்குநர் பக்கம் சாய்ந்து சொன்னார்.

“என்னதான் இருந்தாலும் அந்தப் பொண்ணுக்கு மூளைங்க சார். அந்த ஜி.ஓ. மேட்டரு இருக்குது பாருங்க, அது சாதாரண ஆளுக்கு வராது.”

எனக்குத் தலைக்குள் என்னவோ ஆயிற்று. ஊர் புகழ்ந்தது, கண்டக்டர் புகழ்ந்தது, கட்டின புருஷன் புகழ்ந்தது. கடைசியில் வேலையைப் பிடுங்க உட்கார்ந்திருப்பவர்களும் அவளைத்தான் புகழ வேண்டுமா?

“அது அவ சொன்னதில்லைங்க சார். நான் சொன்னது” என்றேன். என் குரல் வழக்கம்போல உடைந்தது. “மதியம் சாப்பிடறப்ப நாந்தான் மொதல்ல சொன்னேன். அவ அதத்தான் மைக்குல எடுத்துச் சொன்னா.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இயக்குநர் சிரித்தார். மிரட்டலாகக்கூட இல்லை, பரிவாகச் சிரித்தார்.

“அம்மா, நீங்களா? இத்தனை வருசமா உங்கள எனக்குத் தெரியாதா? ஒரு மீட்டிங்ல வாயத் தொறந்திருக்கீங்களா? அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு பாக்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா இதெல்லாம் வேண்டாம். போங்க, நான் இத எழுதிக்கல.”

“நெஜமாவே நான்தாங்க சார்.”

“சரிம்மா, சரிம்மா. போயிட்டு வாங்க” என்றார் மூத்த பேராசிரியை. என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நம்பியிருந்தால் என் ஜூன் மாதம் போயிருக்கும் என்ற பயம் ஒரு பக்கம். நம்பவில்லையே என்ற அவமானம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு அவமானம்தான். இரண்டே நாளில் வளாகம் முழுக்க வேறு கதை பரவியது. தோழிக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்த்த உத்தமி என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். செய்யாத தியாகத்துக்குப் பாராட்டு வந்தது. சொன்ன வாக்கியத்துக்கு வரவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யாரும் அறிவிக்கவில்லை. ஆணியில் சாவி இல்லை, கதவில் பூட்டு இல்லை, அவ்வளவுதான். ஜூனில் எனக்கு ஆர்டர் வந்தது. அவளுக்கு வரவில்லை.

அனுபவச் சான்றிதழ் வாங்குவதற்காக அவள் ஒருநாள் வந்திருந்தாள். பென்னாகரத்தில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். சம்பளம் குறைவு, ஆனால் வீட்டுக்குப் பக்கம். ஆற்றில் அப்போது வெள்ளம், பரிசல் நின்று போயிருந்தது. இரண்டு பேரும் வளாகத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு அடக்க முடியவில்லை. வேலை போய் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்கே தெரிந்தது, இருந்தாலும் கேட்டேன்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. மைக்குல சொன்னியே, அது நான் சொன்னதுன்னு உனக்கு நெனப்பிருக்குதா, இல்லையா?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

“என்னக்கா இப்பிடிக் கேக்கறீங்க? அது நீங்க சொன்னதுதான். மறக்குமா?”

“பின்ன ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“யாருகிட்டக்கா சொல்லச் சொல்றீங்க? உள்ள கூப்புட்டு வெச்சு அதத்தான கேட்டாங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ அந்தப் பேரச் சொல்லிரு, மன்னிப்பு எழுதி வாங்கிட்டு ஆர்டர் போட்டர்றோம்னு டைரக்டரே சொன்னாரு. சுத்திச் சுத்திக் கேட்டாங்க. யாரும் சொல்லிக் குடுக்கலைங்க, என் வாயில வந்துச்சுன்னு சொல்லிட்டேன்.” பிறகு சத்தமாகச் சிரித்தாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நான் அங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மறச்சா, நீங்க பின்னாலயே போயி உளறி வெச்சிருக்கீங்க. நல்லவேளை, அவங்க நம்பல.”

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, சன்னலோரம் இடம்பிடித்து, கையை வெளியே நீட்டி என் விரல்களைப் பிடித்தாள். “தண்ணி குடிங்கக்கா இனிமே” என்றாள். பஸ் கிளம்பிப் போயிற்று.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அழுகை வரவில்லை. நன்றியும் வரவில்லை, வந்திருக்க வேண்டும். வந்தது அதே பழைய எரிச்சல்தான், முன்பைவிட அதிகமாக. ஒரு வாக்கியத்துக்காக மூன்று மாதம் பொறாமைப்பட்டேன். அந்த மூடிய அறைக்குள் ஒரு பெயரைச் சொன்னால் ஆர்டர் என்று மூன்று பேர் கேட்டபோது, அவள் இருந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்து அவள் மேல் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது. என் வாக்கியத்தை அவள் சொன்னாள், அதற்கான தண்டனையையும் அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வேலை மட்டும் மிஞ்சியது.